திரும்பி வருகிறோம் என்றோம்

(பழைய மாணவியர் பக்கம்)

கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் நெஞ்சில் ஒரு பாரம் வந்து அமர்ந்துவிடும். குடிலில் குழந்தை இயேசு வைக்கோலின்மீது புன்னகைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் முறுக்கும் அதிரசமும் இன்னும் தீர்ந்திருக்காது. ஆயினும் டிசம்பர் 26 என்று நாட்காட்டி காட்டியதும் நாங்கள் ஆறு பேரும் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்து, சிறிது நேரம் பேசாமலே இருப்போம்.

நாங்கள் இப்பள்ளியின் பழைய மாணவியர். எங்களில் ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி செவிலி, ஒருத்தி வங்கியில் பணிபுரிபவள், ஒருத்தி பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பைக் கவனிப்பவள், மற்ற இருவர் குடும்பத்தையும் கடையையும் நடத்துபவர்கள். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி தலைமையாசிரியைச் சகோதரி கேட்டபோது, பள்ளி எங்களுக்குத் தந்த பரிசுகளைப் பற்றி எழுதலாமா என்று முதலில் எண்ணினோம். பின்னர், நாங்கள் காப்பாற்றத் தவறிய ஒரு வாக்கைப் பற்றி எழுதுவதே இன்றைய மாணவியருக்குப் பயன்படும் என்று தோன்றியது. ஆகவே வெட்கத்தை விட்டு எழுதுகிறோம்.

2004ஆம் ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. அவ்வாண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை திருக்குடும்ப விழாவைக் கொண்டாடிய நாள். காலை 6.29 மணிக்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. தஞ்சையில் திருப்பலிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெரியாது. ஒன்பது மணி அளவில் நாகைக் கரையில் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. சுனாமி என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டோம். அது ஜப்பானியச் சொல் என்றும், 'துறைமுக அலை' என்பது அதன் பொருள் என்றும் அறிவியல் ஆசிரியை பின்னர் விளக்கினார். தமிழ்நாட்டில் மாண்டவர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர் மட்டுமே. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று நாங்கள் அதுவரை கேள்விப்பட்டிராத ஊர்ப்பெயர்கள் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன.

வேளாங்கண்ணியில் விழாவுக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலர் கடற்கரையில் நின்றிருந்தனர். அவர்களை அலை கொண்டுபோயிற்று. பேராலயத்துக்குள் நீர் புகவில்லை. "மாதா காப்பாற்றிவிட்டார்கள்" என்று விடுதியில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு மறைக்கல்வி நடத்திய சகோதரி அதைக் கேட்டுவிட்டு அருகில் வந்து அமர்ந்தார்கள்.

"கோயில் நின்னதுக்கு நன்றி சொல்லுங்க பிள்ளைங்களா. ஆனா கரையில போனவங்கள மாதா கைவிட்டுட்டாங்கன்னு மட்டும் நெனச்சிடாதீங்க. செத்துப்போன பிள்ளையோட அம்மாகிட்ட இந்தப் பேச்சைப் பேச முடியுமா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. நம்பிக்கையை எங்கே பேச வேண்டும், எங்கே வாய்மூடிக் கைகொடுக்க வேண்டும் என்ற பாடம் அன்றுதான் எங்களுக்குத் தொடங்கியது.

அந்நாட்களில் நடந்த நல்லவற்றையும் சொல்ல வேண்டும். நாகூர் தர்கா தன் வாயில்களை எல்லோருக்கும் திறந்தது. பெயர் தெரியாத உடல்கள்கூட அங்கே மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. பரங்கிப்பேட்டை ஜமாத்தார் மீனவ மக்களைத் தங்கவைத்துச் சோறாக்கிப் போட்டனர். கோயில் மண்டபங்களிலும் கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களிலும் மக்கள் படுத்துறங்கினர். எங்கள் தஞ்சை மறைமாவட்டத்தின் பல்நோக்கு சமூக சேவைச் சங்கமும் காரித்தாஸ் இந்தியாவும் பணியில் இறங்கின. அந்தக் கரையில் வாழும் மீனவர் பெரும்பாலும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். சோறு பரிமாறிய கை எந்தச் சாமியைக் கும்பிடும் கை என்று அன்று எவரும் கேட்கவில்லை.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. பள்ளி திறந்ததும் வகுப்பு வகுப்பாகச் சென்று துணி திரட்டினோம். சாயம் போன சேலை, பொத்தான் இல்லாத சட்டை, யாரோ ஊட்டியில் வாங்கிய கம்பளிச் சட்டை எல்லாம் வந்து குவிந்தன. மொத்தம் பதினொரு மூட்டை! எந்த வகுப்பு அதிகம் தந்தது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டோம். எங்கள் வகுப்புக்குத்தான் முதலிடம். உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டு அலமாரிகள் அன்று சுத்தமாயின.

ஜனவரி மாதம் இரண்டாம் சனிக்கிழமை, சகோதரியுடன் நாங்கள் ஆறு பேரும் வேனில் புறப்பட்டோம். திருவாரூரைத் தாண்டி நாகையை நெருங்க நெருங்க எங்கள் பேச்சுக் குறைந்தது. சாலையோரத்தில் மேடு மேடாக ஏதோ கிடந்தது. அருகே போனபோதுதான் அவை துணிகள் என்று தெரிந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த பழந்துணிகள் எடுப்பாரின்றிப் பனியில் நனைந்து கிடந்தன. ஆடுகள் அவற்றின்மேல் ஏறி நின்றன. எங்கள் காலடியில் பதினொரு மூட்டைகள்! நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நாகைக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தின் மக்கள் தங்கியிருந்த முகாமுக்குச் சென்றோம். ஒரு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஓர் அம்மாள் வந்து நின்றார்.

"துணி போதும் பாப்பா. இத வச்சி நாங்க என்ன பண்றது?"

"வேற என்ன வேணும்மா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"ஒரு அன்னக்கூடை வேணும். ஐஸ் வாங்கக் கொஞ்சம் காசு வேணும். நாளைக்குக் கரையில மீன் வந்தா நான் எடுத்துட்டுப் போயி வித்துப்புடுவேன். ஆம்பளைங்களுக்கு போட்டு, வலைன்னு எழுதிட்டுப் போறாங்க. கூடைய யாரும் எழுதலியே."

சகோதரி தம் கைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து 'அன்னக்கூடை' என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த அம்மாளின் மகளும் ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய புத்தகம், நோட்டு எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. புத்தகம் புதிதாகக் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் கணக்கு நோட்டும் அறிவியல் நோட்டும் யார் கொடுப்பார்கள்? "ஏப்ரல்ல பரீட்சை வருது" என்றாள். அப்பாவைப் பற்றி அவள் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புறப்படும்போது வேன் வரைக்கும் வந்தாள்.

"எங்க நோட்டை எல்லாம் பாத்து எழுதி எடுத்துட்டு வர்றோம். அடுத்த மாசம் ரெண்டாம் சனிக்கிழமை கண்டிப்பா வர்றோம்" என்றோம். ஆறு பேரும் சொன்னோம்.

நாங்கள் போகவில்லை.

பிப்ரவரியில் இடைத்தேர்வு என்றோம். மார்ச்சில் ஆண்டு விழா ஒத்திகை. ஏப்ரலில் எங்களுக்கே பரீட்சை. அதன்பின் பத்தாம் வகுப்பு. அது போதாதா காரணம் சொல்ல? கணக்கு நோட்டில் பாதியை மட்டும் ஒருத்தி எழுதி வைத்திருந்தாள். அது மேசைக்குள் கிடந்து, ஒரு நாள் காணாமல் போயிற்று. தேடவும் இல்லை. அந்தப் பெண்ணை மறந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். நினைவு வரும்போதெல்லாம் வேறு பேச்சுக்குத் தாவினோம்.

போனவர் ஒருவர் உண்டு. எங்கள் சகோதரி ஒவ்வோர் இரண்டாம் சனிக்கிழமையும் காலை முதல் திருப்பலி முடிந்ததும் பேருந்தேறிப் போய், இரவு செபத்துக்குள் திரும்பிவிடுவார்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "கரைக்குப் போனேன்" என்பார்கள். அதற்குமேல் சொன்னதில்லை. எங்களை ஒரு சொல் கடிந்துகொண்டதும் இல்லை.

பேரிடர் என்பது ஒரு நாள் நிகழ்ச்சி. மீண்டெழுதலோ பல ஆண்டு வேலை. இதை அந்தச் சகோதரியிடமிருந்தும் அம்மக்களிடமிருந்தும் நாங்கள் பின்னாளில் அறிந்தோம். முதல் மாதம் ஊரெல்லாம் வாகனங்கள். சோற்றுப் பொட்டலம், குடிநீர், புகைப்படக்காரர்கள். ஆறாம் மாதம் வாகனங்கள் குறைந்தன. மக்கள் தார்த் தகடு வேய்ந்த தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தார்கள். நண்பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. 2005ஆம் ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டியபோது அந்தக் குடியிருப்புகளில் தண்ணீர் நின்றது. ஏற்கெனவே கடலுக்குப் பயந்த குழந்தைகள் மழைக்கும் பயந்தனர். அப்போது அங்கே செய்தியாளர் கூட்டம் இல்லை.

உதவியைப் பங்கிடுவதும் எளிதன்று. மீனவ ஊர்களில் வரி கட்டும் குடும்பத் தலைவர்களின் பட்டியல்படி பங்கு பிரிப்பது வழக்கம். அதில் நியாயம் உண்டு. பலசாலி அள்ளிக்கொண்டு போக முடியாது. ஆனால் சில இடங்களில் கைம்பெண்ணின் வீடு அப்பட்டியலில் முழு வீடாக எண்ணப்படவில்லை. மீன் பிடிக்காத ஏழைகள், வயலிலும் உப்பளத்திலும் கூலி வேலை செய்தவர்கள், 'இவர்கள் மீனவர் அல்லர்' என்று விடுபட்டனர். கடல் அவர்கள் வேலையையும்தான் பறித்தது. மறுபுறம், போட்டி போட்டுக்கொண்டு படகு கொடுத்ததில் முன்பிருந்ததைவிட அதிகப் படகுகள் சேர்ந்த ஊர்களும் உண்டு. படகு இருந்தது, கடலுக்குப் போகக் கூட ஆள் இல்லை!

எங்கள் சகோதரி என்ன செய்தார்கள்? மேடையேறிப் பேசவில்லை. மாதந்தோறும் போய், ஊர்ப் பஞ்சாயத்தாரின் அருகே பாயில் அமர்ந்து, "இந்த வீடு பட்டியல்ல இருக்கா ஐயா?" என்று கேட்டார்கள். அடுத்த மாதமும் போய் அதையே கேட்டார்கள். ஏழாம் மாதம் அந்த அம்மாளின் பெயர் சேர்ந்தது. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு மகளிர் குழு தொடங்கினார்கள். அதன் முதல் கடன் பன்னிரண்டு அன்னக்கூடைகள்.

நல்ல மாற்றங்களும் மெல்ல வந்தன. அரசுத் திட்டத்தின்கீழ்த் தொண்டு நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த நிரந்தர வீடுகள் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும் என்று விதி வந்தது. தம் பெயரில் ஓர் அடி நிலமும் இல்லாதிருந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! கடல்நீர் புகுந்த வயல்களில் உழவர்கள் ஜிப்சம் இட்டனர். மழைநீரைத் தேக்கி வடித்தனர். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதனர். உப்பு போக மழை வேண்டும், காலம் வேண்டும். மண்ணுக்கே அப்படியென்றால் மனத்துக்கு எத்தனை மழை வேண்டும்?

2014 டிசம்பரில் பத்தாம் ஆண்டு நினைவுத் திருப்பலி நடந்தது. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்த சகோதரி அதற்கு வந்திருந்தார்கள். திருப்பலி முடிந்ததும், "நாளைக்குக் கரைக்குப் போறேன். யாரு வர்றீங்க?" என்றார்கள். தலைகுனிந்தபடி ஆறு பேரும் போனோம்.

வரிசை வீடுகள், வேப்பங்கன்றுகள், முற்றத்தில் காயும் கருவாடு. அவள் எங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். இடுப்பில் ஒரு குழந்தை. மகளிர் குழுவின் கணக்கு எழுதுபவள் அவள்தான். உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தாள். அது மேசையிலிருந்து காணாமல் போன எங்கள் கணக்கு நோட்டு! சகோதரி எடுத்துச் சென்று கொடுத்திருக்கிறார்கள். முன்பாதியில் எங்கள் கையெழுத்தில் இயற்கணிதம்; பின்பாதியில் அவள் கையெழுத்தில் சந்தா, கடன், வட்டி.

"மன்னிச்சுக்க. நாங்க வரவே இல்ல" என்றோம்.

அவள் சிறிது நேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கோவம் எல்லாம் இல்ல. ஆனா நாலு மாசம் ரெண்டாம் சனிக்கெழமை பஸ் ஸ்டாப்புல போயி நின்னேன். சிஸ்டர் மட்டும் இறங்குவாங்க. அப்புறம் சிஸ்டருக்காக மட்டும் நிக்கப் பழகிட்டேன்."

அவள் எங்களை வைது இருந்தால் தாங்கியிருப்போம்.

நல்ல சமாரியன் உவமையைப் பள்ளி நாடகத்தில் எத்தனையோ முறை நடித்திருக்கிறோம். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் ஊற்றிக் கட்டும் இடத்தில் எப்போதும் கைதட்டல் எழும். அத்துடன் திரையை இறக்கிவிடுவோம். ஆனால் ஆண்டவர் சொன்ன கதை அங்கே முடியவில்லை. சமாரியன் அடிபட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான்; இரவு உடன் தங்குகிறான்; மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறான்; கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் செல்கிறான். திரும்பி வரும்போது! நாங்கள் நாடகத்தில் விட்டுவிட்ட அந்தக் காட்சியைத்தான் வாழ்க்கையிலும் விட்டுவிட்டோம்.

இனி, எங்கள் தலை நிமிராமல் போன மற்றொரு நாளைச் சொல்லி முடிக்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. எங்கள் ஆறு பேரில் ஒருத்தியின் தோப்பும் போயிற்று. கணவரும் அவளும் பாடுபட்டு வளர்த்த மரங்கள் ஓர் இரவில் தரையில். மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை. நிவாரணம் பெறும் வரிசையில் எங்கள் தோழியே நின்றாள். கொடுக்கும் கையாகவே இருந்து பழகியவளுக்கு அந்த வரிசை எப்படி இருந்திருக்கும்!

நான்காம் நாள், சாய்ந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஐந்து பெண்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். கரையிலிருந்து வந்த மகளிர் குழுவினர்தாம்! முன்னே நின்றவள் கேட்ட முதல் கேள்வி: "என்னம்மா வேணும்? சொல்லு, எழுதிக்கிறேன்."

தார்ப்பாய், மெழுகுவத்தி, மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு ஒரு நாள் வாடகை என்று எங்கள் தோழி சொன்னாள். அவர்கள் இரண்டு நாளில் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு பொட்டலம் கருவாடு. போகும்போது, "அடுத்த மாசம் வர்றோம்" என்றார்கள்.

அடுத்த மாதம் வந்தார்கள். அதற்கடுத்த மாதமும் வந்தார்கள். புதிய தென்னங்கன்று நட்ட நாளில் குழி வெட்டவும் நின்றார்கள்.

அன்று முதல் நாங்கள் ஆறு பேரும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒவ்வோர் இரண்டாம் சனிக்கிழமையும் எங்களில் இருவராவது கரைக்குப் போவோம். கொரோனாக் காலத்தில் மட்டும் தொலைபேசியிலே பேசினோம். போய்ப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறோம். விண்ணப்பம் எழுதித் தருகிறோம். சில நாட்களில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். பழைய கடன் இதனால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம்.

அன்புத் தங்கைகளே! வெள்ளமோ புயலோ வரும்போது உங்கள் வகுப்பிலும் உண்டியல் வைப்பீர்கள், மூட்டை கட்டுவீர்கள். செய்யுங்கள், அது நல்லதே. ஆனால் மூட்டை கட்டுமுன் என்ன வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டாததைப் பிறருக்கு ஈகை என்று பெயர் வைத்துக் கொடுக்காதீர்கள். திரும்பி வருகிறோம் என்று சொல்லுமுன் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். சொல்லிவிட்டால் போங்கள். எங்கோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் உங்கள் வயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருக்கக்கூடும்.

எங்கள் சகோதரி இப்போது முதுமையில் ஓய்வு இல்லத்தில் இருக்கிறார்கள். அண்மையில் சென்று பார்த்தோம். எங்கள் பெயர்களில் இரண்டை மறந்துவிட்டார்கள். ஆனால் புறப்படும்போது கையைப் பிடித்துக் கேட்டார்கள்: "இந்த ரெண்டாம் சனிக்கெழமை யாரு கரைக்குப் போறது?"

"நாங்க போறோம் சிஸ்டர்" என்றோம்.

போனோம்.